மேற்படிப்புக்காக

போதகர் கண்களை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் ஜமக்காளத்திலும் கோயிலிலிருந்து இரவல் வாங்கிய இரண்டு பெஞ்சுகளிலும் இருந்த இருபது, இருபத்தைந்து பேரும் கண்களை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை.

“அன்பின் பரலோகப் பிதாவே, உம்முடைய அடியாளாகிய சுகிர்தா மேற்படிப்புக்காகக் கடல் கடந்து போகிற இந்த வேளையிலே, படிப்பிலே ஞானத்தையும் பரீட்சையிலே ஜெயத்தையும் கட்டளையிடும்…”

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு விமானப்படை மைதானத்துக்கு அதிக தூரமில்லை. அந்த மாலையும் ஒரு பயிற்சி விமானம் தாழப் பறந்தது. போதகர் குரலை உயர்த்தினார். “பரீட்சையிலே ஜெயத்தை” என்ற சொற்கள் அதனால் இன்னும் உரக்க வந்தன.

அறையின் எதிர்மூலையில், புதுச் சேலையின் கஞ்சி விறைப்பு இன்னும் போகாமல், என் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளும் கண்களை மூடவில்லை. ஜெப நேரத்தில் கண் திறந்திருப்பவரை, கண் திறந்திருக்கும் இன்னொருவர்தான் பார்க்க முடியும். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

முதலில் பார்வையைத் தாழ்த்தியது நான்.

அவள் படிக்கப் போகவில்லை. அது அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும்: அவளுக்கு, என் மனைவி ஞானத்துக்கு, எனக்கு. போதகருக்குத் தெரியாது. அவர் பத்திரிகையில் படித்ததைத்தான் ஆண்டவரிடம் சொன்னார். பத்திரிகையில் எழுதியவன் நான்.

நான்கு வரி

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் செய்த பிழைகளைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன். அமைச்சர் பெயரை மாற்றிப் போட்டவர், உயிரோடிருந்தவருக்கு இரங்கல் எழுதியவர் என்று பலரைப் பார்த்துவிட்டோம். வாசகர்கள் ரசித்ததாகக் கடிதங்கள் வந்தன. இந்த வாரம் என் முறை.

எழுபதுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த நாளிதழில் வாரம் ஒருமுறை புறநகர்ச் செய்திகளுக்கு அரைப் பத்தி ஒதுக்குவார்கள். அதைக் கவனிப்பது என் வேலைகளில் ஒன்று. பல்லாவரத்தில் வாசகசாலை திறப்பு, குரோம்பேட்டையில் சாக்கடை பற்றிய புகார், யாருடைய மகனாவது மகளாவது வெளிநாடு போனால் அதற்கு மூன்று நான்கு வரி. அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பயணம் ஒரு செய்தி. படத்தோடு வந்தால் அந்தக் குடும்பம் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டும்.

சுகிர்தா பி.ஏ. முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தட்டெழுத்தில் ஹையர் பாஸ். எந்த வேலையும் வரவில்லை. கல்லூரித் தோழி ஒருத்தி மூலம் அவளாகவே விவரம் அறிந்து, அவளாகவே விண்ணப்பம் போட்டு, ஒருநாள் காலை இட்லித் தட்டின் பக்கத்தில் அந்தக் கடிதத்தை வைத்தாள். மேற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். திருச்சபையைச் சேர்ந்த முதியோர் இல்லம். மூன்று வருட ஒப்பந்தம்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வேலையின் விவரம் ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருந்தது. முதியோரைக் குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல், நனைந்த படுக்கையை மாற்றுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், நடக்க இயலாதவர்களுக்குப் படுக்கையிலேயே மலசலக் கலம் வைத்துச் சுத்தப்படுத்துதல். கடைசி வரியில், வாரத்தில் இரண்டு மாலை மொழி வகுப்பு.

“இதுக்கா பி.ஏ. படிச்ச?” என்று கேட்டேன்.

“பி.ஏ. படிச்சுட்டு ரெண்டு வருஷமா வீட்டுல உக்காந்திருக்கேனேப்பா, அது எதுக்கு?” என்றாள்.

ஞானம் சிரித்துவிட்டாள். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பதிலில் நியாயம் இருந்தால் அது யாருடைய பதில் என்று பார்க்கமாட்டாள். “போகட்டுமே. கெட்ட வேலையா? நமக்கு வயசானா யாராச்சும் செய்யணும்தானே” என்றாள். நான் தடுக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு நானே அலைந்தேன். நற்சான்றிதழ் கொடுத்த பழைய போதகர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார்.

அவள் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு மதியம், அலுவலகத்தில் என் மேசையில் நியூஸ்பிரிண்ட் துண்டில் பென்சிலால் எழுதினேன்: “கிழக்குத் தாம்பரத்தைச் சேர்ந்த செல்வி சுகிர்தா, பி.ஏ., முதியோர் இல்லத்தில் பணிபுரிவதற்காக மேற்கு ஜெர்மனி செல்கிறார்.”

முதலில் சரியாகத்தான் எழுதினேன். அதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பிறகு என் மைத்துனர் சாலமோனின் நினைவு வந்தது. ஞானத்தின் அண்ணன். குரோம்பேட்டையில் இருந்தார். எங்கள் பத்திரிகையை வாங்குவதே அந்த அரைப் பத்திக்காகத்தான் என்று சொல்வார். அவருடைய மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான், அந்தச் செய்தியையும் நான்தான் போட்டிருந்தேன். “முதியோர் இல்லத்தில் பணிபுரிவதற்காக” என்பதைச் சாலமோன் தன் வீட்டு முன்னறையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மனைவிக்கு உரக்க வாசிப்பது என் காதில் விழுந்தது.

மூன்று சொற்களையும் அடித்தேன். மேலே ஒரே சொல் எழுதினேன். ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

வாரத்தில் இரண்டு மாலை மொழி வகுப்பு இருக்கிறதே, அதுவும் படிப்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்தியே போடாமல் இருந்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.

பம்மலிலிருந்து வந்தவர்

அதே மேசைக்கு, ஒரு வருடத்துக்கு முன்பு, பம்மலிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். விரல் நகங்களின் ஓரத்தில் சாயம் ஏறிப் பழுப்பாக இருந்தது. சட்டை புதிது; மடிப்புக் கோடுகள் இன்னும் கலையவில்லை. நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

மகன் குவைத் போகிறான் என்று ஒரு தாளைக் கொடுத்தார். யாரோ அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். “மேற்படிப்புக்காக” என்று இருந்தது.

“எந்தக் காலேஜ்?” என்று கேட்டேன்.

“காலேஜ் இல்ல சார். ஓட்டல்ல வேல.”

“அப்போ வேலைக்காகன்னுதான் வரும்.”

“ஒரு வார்த்த தான சார். மேற்படிப்புன்னு போட்டா பேப்பருக்கு இன்னா சார் கொறஞ்சிடப் போவுது?”

“இல்லாத படிப்பை எப்படிப் போடறது?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “பொண்ணு பாத்துகினு கீறோம் சார் அவனுக்கு. பேப்பர்ல வந்துச்சுன்னா நல்ல எடத்துல குடுப்பாங்க. உங்க பையன் மாரி நெனச்சிக்க சார்.”

நான் சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்தச் சொல்லை அடித்து, “ஓட்டல் வேலைக்காக” என்று எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். வேண்டுமென்றேதான் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அப்போ போடவே வேணாம் சார்” என்று தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு நாங்கள் தேநீர் குடிக்கும்போது இதைச் சக ஊழியர்களிடம் சொன்னேன். பத்திரிகைக்காரன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாகச் சொன்னேன். அவருடைய பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

என் மகளைப் பற்றிய நான்கு வரியை எழுத்துக் கோத்தவர் கம்பாசிட்டர் ஏகாம்பரம். சைதாப்பேட்டைக்காரர். இருபது வருடப் பழக்கம். மெய்ப்புத் தாளை அவரே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கமாக அதைப் பையன்தான் கொண்டுவருவான்.

“பாப்பா வேலைக்குப் போவுதுன்னு அன்னிக்கி சொன்னீங்களே சார்?”

“ரெண்டும்தான்” என்றேன்.

அவர் தாளை மேசையில் வைத்து, மைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “பம்மல்காரர் ஒர்த்தர் வந்து அன்னிக்கி அவ்ளோ கெஞ்சினாரே சார், பாவம்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நினைவுக்கு வந்ததைச் சொன்னார். நான் மெய்ப்பைப் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பூங்காவனம் கேட்டது

செய்தி வந்த காலை, ஞானம் அதைப் படித்தாள். மறுபடியும் ஒருமுறை படித்தாள். பத்திரிகையை நாலாக மடித்தாள்.

“ஊருக்கு இப்படிச் சொல்லியாச்சு. வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துல ஆண்டவருக்கு என்ன சொல்லப் போறீங்க?” என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

பத்திரிகை மடித்தபடியே மேசையில் இருந்தது. பிறகு பார்த்தபோது வேறு விதமாக மடிக்கப்பட்டிருந்தது. அதனால் சுகிர்தா படித்துவிட்டாள் என்று தெரிந்தது.

அன்று பத்து மணி வாக்கில் பூங்காவனம் வந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பவள். பத்திரிகை படிக்கத் தெரியாதவள். கூடையை இறக்கும்போதே குரல் வந்தது.

“இன்னா சார், பாப்பா சீமைக்குப் போவுதாமே!”

“ஆமாம்மா.”

“கெய்வன் கெய்விங்களக் குளிப்பாட்டி, கயுவி உடுற வேலயாமே? பாப்பா சொல்லிச்சு. எங்க மாமியாருக்கு நான் ஏயு வருசமா சும்மா செஞ்சிகினு கீறேன். அங்க அதுக்குச் சம்பளமும் குட்த்து, ஏரோப்ளேன்லயும் இட்டுகினு போறானுங்களா? எனக்கும் ஒரு லெட்டர் எய்திப் போடேன் சார். எங்க கெய்விய இங்க உன் வூட்ல உட்டுட்டுப் போறேன்.”

உள்ளேயிருந்து சுகிர்தாவின் சிரிப்புக் கேட்டது. அடுத்த வீட்டில், தென்னக ரயில்வேயில் வேலை பார்க்கும் கணக்கர் வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார்.

“மெதுவாப் பேசும்மா” என்றேன்.

பூங்காவனம் கூடையின் மேலிருந்த ஈரச் சாக்கைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். “ஏன் சார், இன்னா திருட்டு வேலயா?”

உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது.

வஞ்சிரம் புதிதா என்று கேட்டேன். காலையில் வலையில் வந்தது என்றாள். வாங்கினேன். அன்று மதியம் அவளுக்குப் பிடித்த மாதிரி வறுத்திருந்தும் சுகிர்தா ஒரு துண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, நான் எழுதியது தப்பு என்று சொல்லியிருக்கலாம். பத்து நாள் இருந்தது. நான் அவள் பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன். பெட்டி மேல் வெள்ளைச் சாயத்தில் பெயர் எழுதினேன். கம்பளிக்காக மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு தகப்பன் செய்ய வேண்டியவை என்று பட்டியல் போட்டால் அதில் உள்ளவற்றையெல்லாம் செய்தேன்.

சாட்சி

ஜெபம் முடிந்து எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். சுகிர்தாவின் உதடு அசைந்ததா என்று பார்க்கவில்லை.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காகக் கூட்டம் நடக்கிறதோ, அவர் எழுந்து சில வார்த்தை சொல்ல வேண்டும். சாட்சி சொல்வது என்பார்கள். ஆண்டவர் தனக்குச் செய்ததை அறிந்தபடி, உள்ளபடி சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் உள்ள அதே சொல்தான்.

“பாப்பா ஒரு சாட்சி சொல்லட்டும்” என்றார் போதகர்.

சுகிர்தா எழுந்தாள். ஆண்டவர் வழி திறந்ததற்கு நன்றி என்றாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நன்றி என்றாள். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றாள். எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்ற இரண்டையும் தொடாமல் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒரு தேர்ந்த உதவியாசிரியர் சந்தேகமான தகவலைத் தவிர்த்து வாக்கியம் அமைப்பதுபோல அமைத்தாள். உட்காரப் போனாள்.

“இரும்மா, இரும்மா,” என்றார் சாலமோன். முன் பெஞ்சில் இருந்தார். நல்ல மனிதர், அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். “எந்த யூனிவர்சிட்டி, என்ன சப்ஜெக்ட்னு சொல்லவே இல்லையே! நம்ம மாப்பிள்ளை பேப்பர்லயும் அதைப் போடல. என் பையன் லெட்டர்ல கேட்டிருக்கான், நான் என்ன எழுதறது?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் பல வருடங்களாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதில் கோபம் இல்லை. அவள் எனக்கு இடம் விட்டாள். நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள். நான் நினைத்திருந்தால், அந்த நிமிடத்தில், “மச்சான், படிப்பு இல்லை, வேலை, நான்தான் மாற்றி எழுதிவிட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். ஏழு சொல். கொஞ்சம் சிரித்திருப்பார்கள். கேசரியும் காபியும் வந்திருக்கும்.

“மொழி,” என்றேன். “ஜெர்மன் மொழி.”

“ஓ, லாங்குவேஜா!” என்றார் சாலமோன். “அப்படியாம்மா?”

என் மகள் சாட்சி சொல்ல எழுந்து நின்ற அந்த இடத்திலேயே நின்றபடி, “ஆமா மாமா” என்றாள்.

ஞானம் காபி கொண்டுவர உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

மீனம்பாக்கம்

சாலமோன் வாடகைக்கு ஒரு வேன் பேசியிருந்தார். காலையில் பதினான்கு பேர் அதில் ஏறினோம். தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் மின்சார ரயிலில் நான்கைந்து ஸ்டேஷன்தான். ஆனால் வெளிநாடு போகிறவரை ரயிலில் கூட்டிக்கொண்டு போவது மரியாதையில்லை என்று அப்போது எல்லாரும் நினைத்தார்கள்.

விமான நிலையத்தில் அந்தக் காலக் கூட்டம். ஒரு பயணிக்குப் பத்துப் பதினைந்து பேர். கழுத்து நிறைய மாலை போட்டு, முகம் தெரியாமல் நின்ற இளைஞர்கள். எங்கள் ஆட்களும் நான்கு மாலை போட்டார்கள். சாலமோன் ஒரு பேனா கொடுத்தார். “நோட்ஸ் எடுக்க” என்றார். சுகிர்தா அதை வாங்கி, இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்து, “தேங்க்ஸ் மாமா” என்றாள்.

உள்ளே போகும் நேரம் வந்ததும் ஞானம் என் கையைத் தொட்டாள். “தலையில கை வெச்சு ஒரு ஜெபம் பண்ணுங்க.”

சுகிர்தா மாலைகளைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தலை குனிந்தாள். கை வைத்தேன். எண்ணெய் தேய்த்து வாரிய தலை; உச்சியில் வெயில் சூடு. அவள் ஐந்து வயதில் டைபாய்டில் கிடந்தபோது இப்படிக் கை வைத்து ஜெபித்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வார்த்தைகள் தானாக வந்தன.

“ஆண்டவரே, இந்தப் பிள்ளை…” என்று ஆரம்பித்தேன். எதற்காகப் போகிறாள் என்று அடுத்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் சாலமோன் கண்மூடி நின்றிருந்தார். “இந்தப் பிள்ளையுடைய பிரயாணத்தை…” என்றேன். பிரயாணம் பாதுகாப்பான சொல். பொய்யும் இல்லை. “பிரயாணத்தை ஆசீர்வதியும்” என்று முடிக்குமுன்பே அவள், “ஆமென்” என்று தலையை நிமிர்த்திவிட்டாள்.

பிறகு, மற்றவர்கள் பெட்டியைத் தூக்கும் களேபரத்தில் இருந்தபோது, என் பக்கத்தில் நெருங்கி வந்தாள். நான் கட்டிப்பிடிக்க வருகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவான குரலில், வழி கேட்பவள்போலக் கேட்டாள்:

“அப்பா, யாராச்சும் கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லிடுங்க. நீங்க ஒண்ணு, அம்மா ஒண்ணு, நான் லெட்டர்ல ஒண்ணுன்னு ஆயிடக் கூடாது.”

கேலி இல்லை. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஒரு துளிகூட இல்லை. என்னைக் காப்பாற்றும் வேலையை, தன் மற்ற சாமான்களோடு சேர்த்து, அவளும் எடுத்துக்கொண்டு போகத் தயாராக இருந்தாள். அவளுக்குத் தேவையானது ஒரு சரியான தகவல் மட்டும்.

“படிப்புன்னே இருக்கட்டும்மா” என்றேன்.

“மொழிதானே?”

“மொழிதான்.”

“சரிப்பா.”

பம்பாய் விமானத்துக்கு நடந்துபோனாள். நாங்கள் பார்வையாளர் மாடத்தில் வரிசையாக நின்று கைக்குட்டை ஆட்டினோம். படிக்கட்டின் மேல்படியில் திரும்பி அவள் தேடிப் பார்த்தாள். அம்மாவைத் தேடுகிறாள் என்று நினைத்து நான் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து ஞானத்துக்கு இடம் விட்டேன். அவள் யாரைத் தேடினாள் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வெகுநாள், விமானப்படை விமானம்தான் என்று தெரிந்தும், சத்தம் கேட்டால் ஞானம் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பாள்.

இரண்டு தாள்

பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வந்தது. உறைக்குள் இரண்டு தாள் இருக்கும். ஒன்று எங்கள் இருவர் பெயருக்கும். இன்னொன்று “அம்மாவுக்கு” என்று தனியாக. தபால் வரும் நேரத்தில் நான் வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வரும் ஞானம் எடுத்துப் பிரித்து, எங்கள் தாளை மேசையில் வைத்திருப்பாள். அடுத்த தாளை எனக்குக் காட்டியதில்லை. நான் கேட்டதில்லை. அதில் என்ன இருக்கும் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

எங்கள் தாளில் மொழி வகுப்பு இருந்தது. நல்ல கையெழுத்து. பிசிறில்லாத வாக்கியங்கள். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. அங்கே சாமான்களுக்கெல்லாம் பால் உண்டாம்: கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணை. சிறுமி என்ற சொல்லும் அஃறிணையாம். சாலமோன் அதைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். வகுப்பில் ஒரு கொரியப் பெண். சுகிர்தாவும் அவளும் ஒரே பெஞ்சு. வாத்தியார் அம்மாளுக்குச் சுண்ணாம்புக் கட்டி ஒத்துக்கொள்ளாமல் தும்மல் வரும். சாலமோன் ஞாயிறு மாலைகளில் வருவார். நான் வாசிப்பேன். மாதங்கள் போகப் போக, அதை வாசிக்கும்போது என் குரல் இயல்பாக இருந்தது. எங்களிடம் வந்தது உண்மைச் செய்திதானே, வகுப்பு நடக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காய்ச்சலோடு வீட்டில் இருந்தேன். ஞானத்துக்குப் பள்ளியில் ஏதோ கூட்டம். தபால்காரர் கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

பிரித்தேன். எங்கள் தாளில் பரீட்சை முடிவு இருந்தது. இருபத்திரண்டு பேரில் இரண்டாவதாக வந்திருக்கிறாளாம். கொரியப் பெண் முதலாவது.

அடுத்த தாளையும் பிரித்தேன்.

அதில் ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்த ஒரு கிழவர் இருந்தார். அவரை அவள்தான் தினமும் குளிப்பாட்டுகிறாள். முதுகில் தண்ணீர் பட்டதும் மணி என்ன என்று கேட்பாராம், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று. அவருடைய கால் நகங்கள் கொம்புபோல இருக்கின்றனவாம். வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத்தான் வெட்ட முடிகிறது. இரண்டு பேர் அந்த மாதம் இறந்துபோனார்கள். ஒருவரை அவளே கழுவி உடை மாற்றினாள். “பேச்செல்லாம் இவர்களிடம் கற்றதுதான் அம்மா. அதனால் நான் வாயைத் திறந்தால் எண்பது வயதுக் கிழவி பேசுவதுபோல இருக்கிறதாம். ரொட்டிக் கடைக்காரர் சிரிக்கிறார்.”

நானும் சிரித்துவிட்டேன். தனியாக, காய்ச்சலோடு. அந்த இரண்டு வருடத்தில் அவள் எழுத்தைப் படித்து நான் உண்மையாகச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கீழே இன்னும் நான்கு வரி இருந்தது.

“மொழி வகுப்பு முதல் ஆறு மாதத்தோடு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா, இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்தக் கொரியப் பெண்ணும் ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. பாடப் புத்தகம் இருக்கிறது. பாடம் பாடமாக எடுத்து அப்பாவுக்கு எழுதுகிறேன். இன்னும் ஏழு பாடம் பாக்கி. பரீட்சை ஒன்று வைத்தால் நன்றாக இருக்கும் என்று இந்த வாரம் தோன்றியது.”

இரண்டு தாள்களையும் மடித்து உறையில் வைத்தேன்.

ஞானம் வந்தாள். பிரிந்திருந்த உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் தாளை மட்டும் எடுத்து உள்ளே கொண்டுபோனாள். மற்றதை, வழக்கம்போல, மேசையில் என் பக்கமாக வைத்தாள்.

“நாளைக்கு அண்ணன் வர்றாங்க” என்றாள்.

மறுநாள் மாலை சாலமோன் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, “என்ன மாப்பிள்ளை, லெட்டர் வந்துச்சா?” என்றார்.

வந்தது என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பரீட்சை வந்த இடத்தில் அவர் எழுந்தே நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“இருபத்திரெண்டு பேர்ல ரெண்டாவதா! வெள்ளைக்காரன் ஊர்ல! மாப்பிள்ளை, இதைப் பேப்பர்ல போடணும். ஞானம், இங்க வா, கேட்டியா? இன்னொரு தரம் வாசிங்க, அவளும் கேக்கட்டும்.”

ஞானம் சமையலறையிலிருந்து வந்து, நிலையில் சாய்ந்து நின்றாள்.

வாசித்தேன்.